வானொலி சுமந்து வந்த விளையாட்டுகள்

இசையும் நாடகமும் செய்தியும் வானொலி வழியே நம் இல்லம் வந்து சேர்வதை யாவரும் அறிவோம். விளையாட்டுப் போட்டிகளின் வருணனையும் அவ்வாறே வருகிறது. ஆனால் விளையாட்டே வானொலி வழியாக வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள், அன்றைய யூகோஸ்லாவியாவின் தலைநகராகிய பெல்கிரேடில் இது நடந்தது. கருவி அரிதாக இருந்த நாட்டில், இளைஞர் தம் கையாலேயே கணிப்பொறி விளையாட்டுகளை ஆக்கிய வரலாறு அது.

'ரேடியோ பெல்கிரேடு 202' என்னும் நிலையத்தில் 'வென்டிலேட்டர் 202' என்ற நிகழ்ச்சியை நடத்தி வந்தவர் சோரன் மோட்லி. இவர் விமானியாகவும் பணியாற்றியவர். ஒலிப்பதிவுக் கருவியை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுமாறு நிகழ்ச்சியின் நடுவே நேயர்களுக்கு முன்னறிவிப்பு வரும். பிறகு இசையும் இல்லை, பேச்சும் இல்லை. சிள்வண்டுகள் பல ஒருங்கே கத்தினாற்போன்ற இரைச்சல் ஒன்றே கேட்கும். விவரம் அறியாதவர் வானொலிப் பெட்டி பழுதாகிவிட்டதென்றே எண்ணியிருப்பர். விவரம் அறிந்த சிறுவர்களோ அவ்விரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு, தம் கணிப்பொறியோடு இணைத்து ஓட்டுவர். சற்று நேரத்தில் திரையில் விளையாட்டு ஒன்று தோன்றும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசையை நிரல் என்கிறோம். நிரலின் ஒவ்வோர் எழுத்தும் பொறிக்குள் ஒன்று, சுழியம் என்னும் இரண்டு இலக்கங்களின் தொகுதியாகவே இருக்கும். அக்காலத்து வீட்டுக் கணிப்பொறிகள் இவ்விரண்டையும் வெவ்வேறு ஒலிகளாக மாற்றிச் சாதாரண ஒலிநாடாவில் சேமித்தன. ஒலியாக மாறிவிட்ட பொருளை ஒலிபரப்பவும் இயலும் அன்றோ? இந்த எளிய உண்மையே புதிய வழியைத் திறந்தது.

ஆனால் நிரலை ஏற்பதற்குக் கணிப்பொறி வேண்டும். பிரிட்டனில் 1982-ஆம் ஆண்டு வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணிப்பொறி, 125 பவுன் விலையிலிருந்து கிடைத்தது. யூகோஸ்லாவியாவிலோ இறக்குமதி விதிகள் கடுமையாக இருந்தன. 50 ஜெர்மன் மார்க்குக்கு மேற்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அவை இடந்தரவில்லை. எனவே எல்லை கடந்து சென்று திரும்புவோர் பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த கணிப்பொறிகளே சில வீடுகளை அடைந்தன. அவ்வாய்ப்பும் இல்லாதவர் என் செய்வர்?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் வோயா அன்டோனிச் என்னும் பொறியியல் வல்லுநர். 1983-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கணிப்பொறியில் திரைப்படத்தை வரைவதற்கெனத் தனி உறுப்பு ஒன்று உண்டு. அது விலை மிக்கது. கணக்கிடும் வேலையைச் செய்யும் இசட்80 என்னும் சில்லையே திரையையும் வரையச் செய்தால், அந்த உறுப்பு தேவையில்லாமற் போகும். பொறியின் வேகம் குறையுமாயினும் விலையும் குறையும். பழகிய கை உள்ளவர் எவரும் வீட்டிலேயே அதனைப் பொருத்தி அமைக்கலாம். எழுத்தாளர் டெயான் ரிஸ்தானோவிச்சின் துணையுடன் அதன் மின்சுற்று வரைபடம், 'கலக்சியா' என்ற அறிவியல் இதழின் சிறப்பு மலரில் வெளியாயிற்று. அவ்விதழின் பெயரே பொறிக்கும் பெயராயிற்று. வரைபடத்தை அன்டோனிச் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. நாட்டார் யாவருக்கும் பொதுவில் வைத்தார். அதனைக் கண்டு, கணிப்பொறியை அமைக்க முனைந்து எழுதியோர் 8,000 பேருக்கும் மேலாயினர்.

அந்தப் பொறியின் நினைவகம் மிகச் சிறியது. அதாவது சில ஆயிரம் எழுத்துகள் கொள்ளுமளவே. இத்தகைய சிறு நூல் ஒன்றின் சில பக்கங்களுக்குள் அது அடங்கிவிடும். அவ்வளவு சிக்கனத்திலும், தம் மொழிக்கே சிறப்பாக உரிய நான்கு எழுத்துகளுக்குத் திரையில் இடம் வைத்திருந்தனர் என்பதை மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் வியப்போடு குறித்துக்கொண்டேன். தவறு நேர்ந்தால் அப்பொறி கூறும் செய்திகள் மூன்றே. கட்டளை விளங்காவிடில் 'என்ன?' என்று கேட்கும். விளங்கியும் செய்ய இயலாததாயின் 'எப்படி?' என்று கேட்கும். நினைவகம் நிறைந்துவிட்டால் 'மன்னிக்கவும்' என்று கூறிவிடும். நல்ல ஆசிரியர் ஒருவரும் மாணவனிடம் இவ்வளவுதானே கேட்கிறார்!

இத்தகைய பொறியில் சிறுவன் ஒருவன் பந்தாட்டம் அமைக்க முற்படுகிறான் என்று கொள்வோம். திரையில் 16 வரிகள். வரிக்கு 32 கட்டங்கள். ஆக 512 கட்டங்கள். நினைவகத்தில் ஒரு பங்கு இத்திரைக்கே போய்விடும். எஞ்சியதில்தான் ஆட்டம் முழுவதையும் அடக்க வேண்டும். பந்து என்பது ஒரு புள்ளி. அதனை ஒரு கட்டத்தில் அழித்து அடுத்த கட்டத்தில் எழுதினால் அது நகர்வதுபோல் தோன்றும். பந்து வலப்புறம் செல்ல ஒன்றைக் கூட்ட வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பினால் ஒன்றைக் கழிக்க வேண்டும். வகுப்பறையில் கசந்த குறை எண், இங்கே பந்தைத் திருப்பும் கருவியாகிவிடுகிறது. பிழை ஒன்று புகுந்தால் பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு மறைந்துபோகும். எங்கே பிழை என்று வரிவரியாகத் தேடிக் கண்டுபிடிக்கும் இரவில்தான் அச்சிறுவன், ஆடுபவன் என்னும் நிலையிலிருந்து ஆக்குபவன் என்னும் நிலைக்கு உயர்கிறான்.

அவன் ஆக்கியது அவன் அறைக்குள்ளேயே அடங்கிவிடவில்லை. நேயர்கள் தாம் எழுதிய நிரல்களை ஒலிநாடாவில் பதிந்து நிலையத்துக்கு அனுப்பினர்; அவை ஒலிபரப்பாயின. அவற்றைக் கேட்டுப் பதிந்த பிறர், குறைகளைக் களைந்தும் புதியன சேர்த்தும் திருப்பி அனுப்பினர். சில ஆண்டுகளில் இவ்வாறு வானலையில் சென்ற நிரல்கள் 100-க்கும் மேற்பட்டவை. ஒலிபரப்பு என்பது ஒருவர் பேசப் பலர் கேட்பது என்றே நாம் கருதுகிறோம். இங்கோ கேட்டவரே மறுநாள் அளிப்பவரும் ஆயினர்.

அதே யூகோஸ்லாவியாவின் வடமேற்கு மூலையில் சுலோவேனியர் வாழ்ந்தனர். அவர்கள் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரே. லூப்லியானா நகரின் மாணவர் வானொலியாகிய 'ரேடியோ ஸ்டூடென்ட்' 1984-ஆம் ஆண்டில் 'கொன்ட்ராபான்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அப்பெயரின் பொருள் கடத்தற்பொருள் என்பதாகும். ஸ்பெக்ட்ரம் கணிப்பொறிக்காக இதனை ஆக்கியவர் ஜிகா துர்க், மத்தெவ்ஷ் கிமெத் என்னும் இருவர். ஆடுபவர் சொற்களைத் தட்டச்சிட்டு நடத்தும் கதை விளையாட்டு அது. சொற்கள் யாவும் சுலோவேனிய மொழியிலேயே அமைந்தன. கணிப்பொறி என்றால் ஆங்கிலம் என்றிருந்த காலத்தில், எல்லையைத் தாண்டி வந்த பொறி அவர்கள் தாய்மொழியில் விடை கூறியது. அச்சிறுவர்களுக்கு அது எத்தகைய களிப்பை அளித்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1991-ஆம் ஆண்டு முதல் யூகோஸ்லாவியா பிளவுற்றுப் போரில் சிதைந்தது. நாடு மறைந்தது, அச்சிறு பொறிகளும் பழம்பொருள்களாயின. இன்று நம் பிள்ளைகளின் கையில் உள்ள தொலைபேசி, அவற்றைப் போல் பல இலட்சம் மடங்கு நினைவகம் உடையது. ஆயினும் அதில் அவர்கள் ஆடுவன பிறர் ஆக்கிய ஆட்டங்கள். கேட்பன பிறர் மொழிகள். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்குறை இரட்டிப்பாகத் தெரிகிறது. தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. தமிழோ உணவு வேளைக்குரிய மொழியாகச் சுருங்கிவிடுகிறது.

பிள்ளை ஆடுவதைத் தடுப்பதனால் மட்டும் பயன் விளையாது. "இதைப் போல் நீ ஒன்று செய்து காட்டுவாயா?" என்று கேட்டுப் பார்க்கலாம். பல்லாங்குழியையோ ஆடுபுலி ஆட்டத்தையோ திரையில் அமைக்கச் சொல்லலாம். விதிகளைப் பாட்டியிடம்தான் கேட்டறிய வேண்டியிருக்கும். அவ்வுரையாடல் தமிழில்தான் நிகழும். இன்றைய கணிப்பொறிகள் தமிழ் எழுத்துகளைத் தடையின்றிக் காட்டுகின்றன. நான்கு எழுத்துகளுக்கு இடம் தேடிய அந்த யூகோஸ்லாவியரின் இடர் நமக்கு இல்லை. பிள்ளை வென்றதும் திரையில் 'வெற்றி' என்று தமிழில் தோன்றுமாறு அமைக்க அவனுக்கு ஒரே ஒரு வரி போதும். அவ்வரியை அவன் தன் கையால் எழுத வேண்டும் என்பதே நம் விருப்பம்.