மதிலைத் தாண்டிய மாணவர்

கல்லூரி விழா என்றதும் மேடை, மாலை, பரிசளிப்பு ஆகியனவே நம் நினைவிற்கு வருகின்றன. ஊரார் வருவர், கைதட்டுவர், கலைவர். ஊர் மட்டும் இருந்தபடியே இருக்கும். இதற்கு விலக்காக யாழ்ப்பாணத்தில் ஓரியக்கம் தோன்றியது.

பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசை நிறுவினர். அதன் மாநாடுகளில் மாணவரும் ஆசிரியரும் பொதுமக்களும் ஒருங்கு கூடினர். தமிழ் வளர்ச்சி, உள்ளூர்க் கைத்தொழில், தீண்டாமை ஒழிப்பு என்பன ஆராயப்பட்டன. அவ்வியக்கத்தின் அழைப்பையேற்று 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்து கல்லூரிகள் பலவற்றில் உரையாற்றினார். கதர் நிதிக்கு மக்கள் பொருள் வழங்கினர்.

எனினும் அம்மாணவர்தம் அரும்பணி பந்தியிலேயே நிகழ்ந்தது எனலாம். சாதி பாராது அவர்கள் ஒருங்கிருந்து உண்டனர். அஃது எளிய செயலன்று. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது, 1930ஆம் ஆண்டளவிற் பள்ளிகள் சில தீக்கிரையாயின என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

ஆகவே இளைஞரே, நம் விழாவிற்கு எத்துணைபேர் வந்தனர் எனக் கணக்கிடுவதோடு அமையாது, யார் அருகில் யார் அமர்ந்தனர் என்பதையும் நோக்குவோமாக. பெரியோரும் அப்பந்தியில் வந்தமர்ந்து வாழ்த்துவாராக.