கூடி நின்ற வணிகர்

ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நமக்கு வணிகர் வரலாறு எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். மூட்டையை எடையிட்டு, ரசீது எழுதி, வாகனில் ஏற்றிவிடுவதோடு நம் வேலை முடிந்தது. ஆயினும் பம்பாயில், சர்ச்கேட் நிலையத்திற்கு அண்மையில் இந்திய வணிகர் சபையின் மாளிகை ஒன்றுண்டு. பல ஆண்டுகள் அதனைக் கடந்து சென்றும், அங்கு நடப்பது யாது என்று நாம் அறிய முயன்றதில்லை. அறிந்துகொள்ள நேர்ந்தது ஓர் அன்பருக்கு நேர்ந்த நட்டத்தினாலேயாம்.

நம் காலனியில் தோல் பை தைத்து விற்றுவந்த பெரியவர் ஒருவர்க்கு வளைகுடா நாட்டிலிருந்து முதன்முறையாக ஓர் ஆர்டர் வந்தது. குடும்பமே இரவு பகலாக உழைத்துச் சரக்கை முடித்தது. துறைமுகத்திற்கு அனுப்பிய பின்னரே, சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அஃது இன்றேல் பாங்கி பணம் தராது என்பது தெரியவந்தது. அவர் காகிதக் கட்டுடன் நம்மிடம் ஓடி வந்தார். “தம்பி, நீங்கள் படித்தவர், இது என்னவென்று பாருங்கள்” என்றார். பார்த்தோம், நமக்கும் விளங்கவில்லை. நாள்கள் கழிந்தன, டெமரேஜ் ஏறிற்று. இறுதியில் வேறொரு வியாபாரியிடம் கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்டார். அந்தச் சான்றிதழை வழங்கும் இடங்களுள் ஒன்று நாம் நாள்தோறும் கடந்து சென்ற அதே மாளிகை என்பதைப் பின்னரே அறிந்து தலைகுனிந்தோம்.

வணிகர் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அமைப்பைக் காணுதல் தமிழர்க்குப் புதிதன்று. சுமத்திரா தீவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர், அங்கு வரும் கப்பலுடையார் பொன்னாகச் செலுத்தவேண்டிய தீர்வையை அதில் விதித்துள்ளனர். கடல் கடந்த நாட்டில் தனி வணிகன் அந்நியன். அவனுக்குப் பின்னே ஐந்நூற்றுவர் என்ற பெயர் நின்றால் அவன் சொல்லுக்கு மதிப்புண்டு. அன்றைய அந்நெறியே வேறு வடிவில் இந்நகரில் தழைத்தது.

பம்பாயில் முதலில் எழுந்த வணிகர் சபை 1836இல் தோன்றிய பாம்பே சேம்பர் ஆப் காமர்ஸ். அங்கு ஐரோப்பியக் கம்பெனிகளின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பொங்கிய காலத்தில், 1907இல், இந்திய வணிகர் தமக்கென ஒரு சபையை நிறுவினர். மன்மோகன்தாஸ் ராம்ஜி அதன் முதல் தலைவர். இந்தியன் மெர்ச்சண்ட்ஸ் சேம்பர் என்ற பெயரால் அது நெடுங்காலம் வழங்கிற்று.

அதே காலத்தில் தூத்துக்குடியில் நிகழ்ந்ததையும் நினைவுகூர்தல் வேண்டும். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். எதிரே நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. அதற்கு அரசின் துணையும் இருந்தது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது. வீரத்திற்கும் தியாகத்திற்கும் குறைவில்லை. இடர் வந்தபோது தாங்கி நிற்கும் வலிய வணிகர் கூட்டம் ஒன்று பின்னே இல்லாமையே குறை என்று நாம் கருதுகிறோம்.

1919இல் பம்பாயில் சிந்தியா கப்பல் கம்பெனி எழுந்தது. அதன் ‘லாயல்டி’ என்னும் கப்பல் அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் லண்டனை நோக்கிப் புறப்பட்டது. அந்நாளையே நாம் தேசியக் கடல்வாணிப நாளாகக் கொண்டாடி வருகிறோம். சிந்தியாவையும் கட்டணப் போர் தாக்கிற்று. ஆனால் அது வீழவில்லை. கரையோர வாணிபம் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாதல் வேண்டும் என்று சட்டசபையில் 1928இல் மசோதாவே வந்தது. அது நிறைவேறவில்லையெனினும், ஒரு கம்பெனியின் வழக்கு நாட்டின் வழக்காயிற்று.

நம் ரயில்வேயின் கதையிலும் இச்சபையினர்க்குப் பங்குண்டு. உள்நாட்டு ஊர்களுக்கிடையே செல்லும் சரக்கைவிடத் துறைமுகத்திற்கு வந்துபோகும் சரக்குக்குச் சலுகைக் கட்டணம் என்பது அந்நாளைய வழக்கம். கச்சாப் பொருள் எளிதில் வெளியேறும்; அந்நியச் சரக்கு எளிதில் உள்ளே வரும்; இங்குள்ள ஆலை தவிக்கும். இதனை இந்திய வணிகர் ஓயாது கண்டித்தனர். 1920இல் அமைந்த ஆக்வொர்த் கமிட்டியில், இச்சபையின் தூண்களுள் ஒருவரான சர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸும், நம் தமிழ்நாட்டு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் அங்கம் வகித்தனர். அக்கமிட்டியின் யோசனைகளின் பயனாக 1924இல் ரயில்வே வரவுசெலவு தனியே பிரிக்கப்பட்டது. 2017 வரை அம்முறை நிலவிற்று. கட்டண வழக்குகளைக் கேட்க 1926இல் ஓர் ஆலோசனைக் குழுவும் ஏற்பட்டது.

சபை தோற்ற போர்களும் உண்டு. ரூபாயின் மதிப்பு 18 பென்ஸா, 16 பென்ஸா என்ற வாதம் அவற்றுள் பெரிது. அயல்நாட்டில் ஒரு பவுனுக்குச் சரக்கு விற்றவன், 16 பென்ஸ் விகிதத்தில் 15 ரூபாய் பெறுவான்; 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பையே பெறுவான். ஹில்டன் யங் கமிஷனில் தாகூர்தாஸ் தனித்து நின்று மாறுபட்ட கருத்தை எழுதினார். எனினும் 1927இல் 18 பென்ஸே சட்டமாயிற்று. அதே ஆண்டில், காந்தியடிகளின் யோசனைப்படி, ஜி. டி. பிர்லாவும் தாகூர்தாஸும் முன்னின்று, நாடு முழுவதிலுமுள்ள இந்திய வணிகர் சபைகளை இணைத்துச் சம்மேளனம் ஒன்றைக் கண்டனர். தோல்வி அவர்களைப் பிரிக்கவில்லை. மேலும் ஒன்று சேர்த்தது.

இத்தகைய பெரும் வழக்குகளே சபையின் வேலை என்று எண்ணலாகாது. அன்றாடப் பணிகளிலேதான் சிறு வணிகனுக்குப் பெரும்பயன். சரக்கின் பிறப்பிடத்திற்குச் சபை சான்றளிக்கிறது. அயல்நாட்டு அதிகாரி வணிகனை அறியார், சபையை அறிவார். எந்நாட்டில் எவ்வளவு சுங்கம், எச்சரக்கிற்கு எங்கே தேவை என்பவற்றைச் சபை உறுப்பினர்க்கு அறிவிக்கிறது. அயல்நாட்டுத் தூதுக் குழுவினரை அழைத்து நம்மவரோடு அறிமுகம் செய்விக்கிறது. நம்மவரையும் குழுவாக அனுப்புகிறது. கொடுக்கல் வாங்கலில் பிணக்கு நேர்ந்தால், கோர்ட்டு வாசலில் ஆண்டுக்கணக்காய் நில்லாமல் மத்தியஸ்தம் பெறவும் வழிசெய்கிறது. இக்காலத்தில் பிறப்பிடச் சான்றிதழ் மின்வழியிலேயே கிடைக்கிறது. ஆயினும் அதற்குரிய மதிப்பு, அதனை வழங்கும் அமைப்பு நெடுங்காலமாய் ஈட்டிய நம்பிக்கையே.

நம்மவரிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. தோலும் தையலும், அப்பளமும் முறுக்கும், துணியும் பாத்திரமும் நம் காலனி வீடுகளில் உருவாகின்றன. ஆனால் ‘அது பெரிய முதலாளிகளின் இடம்’ என்று அஞ்சி நாம் அம்மாளிகையின் படியேறுவதில்லை. கோயில் திருவிழாவிற்கும் பொங்கலுக்கும் கூடத் தெரிந்த நாம், பிழைப்பிற்கெனக் கூடக் கற்றோமில்லை. தனி மரம் தோப்பாகாது என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிவிட்டு, நாம் தனி மரமாகவே நின்றுவிடுகிறோம்.

சங்க அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. சரக்கு அனுப்பும் முறைகளையும் அதற்குரிய காகிதங்களையும் அறிந்தவர் நம்முள் பலர் உளர். ரயில்வேயிலும் பாங்கியிலும் துறைமுகத்திலும் பணிபுரிவோர் உளர். மாதம் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, தொழில் செய்யும் நம் குடும்பத்தினர்க்கு வழிகாட்டுவோம். வணிகர் சபையில் சேர விரும்புவோரை நாமே அழைத்துச் செல்வோம். அந்தப் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் மகன் அதே தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கிறான். அவன் தைக்கும் பை அவன் பெயராலேயே கடல் கடக்கட்டும்.