நாட்குறிப்பு சொல்லாத கர்ப்பம்

1853 ஏப்ரலில் அமீலியா ஸ்டூவர்ட் நைட், கணவரோடும் ஏழு பிள்ளைகளோடும் அயோவாவிலிருந்து ஆரிகனுக்கு மாட்டுவண்டியில் கிளம்பினார். அவருடைய பயண நாட்குறிப்பில் மழை, சேறு, நனைந்த படுக்கை, செத்த மாடுகள் எல்லாம் உண்டு. மகன் சாட்ஃபீல்ட் வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்துக்குத் தப்பியது உண்டு. மகள் லூசியைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போனதும், பின்னால் வந்த வண்டிக்காரர்கள் அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும்கூட உண்டு.

தான் கர்ப்பம் என்பது மட்டும் இல்லை. அவ்வப்போது உடம்பு சரியில்லை, அவ்வளவே. செப்டம்பரில், எட்டாவது பிள்ளை வழியிலேயே பிறந்தபோதுதான் வாசிக்கிற நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்துக் கூச்சம் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மாடு செத்தால் பயணம் தடைபடும், அதனால் அது செய்தி. இவர் வயிறு எதையும் தடுக்கவில்லை.

பிறகு பச்சிளங்குழந்தையோடு கொலம்பியா ஆற்றைக் கடக்க மூன்று நாள். இரண்டு ஜோடி மாடுகளைக் கொடுத்து வாங்கிய நிலத்தில் ஜன்னலில்லாத மரக்குடில் ஒன்று இருந்தது.