சாய்ந்த எழுத்து

என் முதல் கவிதைத் தொகுதியின் அட்டையில் தலைப்பைச் சாய்த்துப் போட்டார்கள். நான் கேட்டதுதான். ஆங்கிலப் புத்தகமொன்றின் அட்டையில் பொடோனியின் சாய்வெழுத்தைப் பார்த்து மயங்கியிருந்தேன்: கனத்த தண்டும் மயிரிழைக் கோடும் மாறிமாறி வரும் வடிவம். கம்ப்யூட்டரில் நம் எழுத்தை வலப்பக்கம் தள்ளியபோது வந்ததோ, காற்றில் சரிந்த பந்தல். ஓரிக்கை வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். “ஏம்பா, விழறாப்ல இருக்கே?” என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

லத்தீன் சாய்வெழுத்து, நேரெழுத்தைச் சாய்த்துச் செய்ததல்ல. விரைந்து எழுதும் இத்தாலியக் கையெழுத்திலிருந்து பிறந்தது. பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அந்த எழுத்தில்தான் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வெனிஸில் வர்ஜிலை அச்சிட்டார். பிற்பாடு பார்மாவில் பொடோனி (1740–1813) தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள தூரத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். அகன்ற இறகுமுனையின் காலம் போய், அழுத்தினால் விரியும் கூர்முனையின் காலம் வந்திருந்தது. கருவி மாறியதும் அழகு மாறிற்று.

நம் கருவி எழுத்தாணி. அது ஓலையைக் கீறுவது; அழுத்தினால் கோடு தடிக்காது, ஓலைதான் கிழியும். ஆகவே நம் எழுத்து ஒரே கனமுள்ள கோடாக, வளைவை நம்பி வளர்ந்தது. கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது உலோகத்தில் ஏறியதும் இந்த ஓலையெழுத்தின் சாயல்தான்.

அதனால் எழுத்தில் ஆடம்பரம் நமக்கு அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரத்தில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களைப் பிராகாரத்துச் சிற்றாலயங்களில் வரிசை வரிசையாகப் பொறிக்கச் செய்தான். ரணஜயன், அபிராமன், அத்யந்தகாமன். அதே பெயர்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. மொழி சமஸ்கிருதம். செய்தி ஒன்றேயாக இருக்கையில் வடிவத்தை மாற்றுவானேன்? படிப்பதற்காக மட்டுமல்ல, பார்ப்பதற்காகவும் வெட்டிய எழுத்து அது. உளியையும் கல்லையும் அறிந்த கை அதை வெட்டியது.

நம் காலத்தில் ஓவியர் ஆதிமூலம் (1938–2008) சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் கையால் தலைப்பு எழுதினார். அவருடைய தடிப்பும் மெலிவும் பொடோனியிடம் கடன் வாங்கியவை அல்ல.

தறியில் சாய்வுக்கோடு என்று ஒன்று கிடையாது. கட்டம் போட்ட தாளில் படிப்படியாக இறங்கும் இழைகள்தாம் எட்ட நின்று பார்க்கையில் சாய்வாகின்றன. இதை அறிந்துதான் அப்பா பட்டில் அன்னம் போட்டார். நான் எதையும் அறியாமல் எழுத்தைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த தொகுதிக்குத் தலைப்பைத் தூரிகையால் எழுதித் தரும்படி ஓவிய நண்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. காத்திருக்கலாம்.