இருட்டில் நல்ல படம் வேண்டுமா? காம்பேக்ட் கேமரா வாங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

நண்பரின் பிறந்தநாள். மங்கலான விளக்குகள் உள்ள ரெஸ்டாரன்ட். மெழுகுவத்தியை ஊதும் அந்த ஒரு நொடியை போனில் எடுக்கிறீர்கள். கேக் தெளிவாக இருக்கிறது, மேசை தெளிவாக இருக்கிறது, ஊதியவர் முகம் மட்டும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. 'இனிமே ஒரு நல்ல கேமரா வாங்கிடணும்' என்று ஷாப்பிங் ஆப்பைத் திறந்தால் 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம், 4கே வீடியோ என்று பெரிய எழுத்தில் வரிசை கட்டி நிற்கின்றன.

இந்த மூன்றில் எதுவுமே அந்தக் கேமரா இருட்டில் எப்படிப் படம் எடுக்கும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் எண்கள் இரண்டுதான்: சென்சாரின் அளவு, லென்ஸின் எஃப் எண். இரண்டும் விவரப் பட்டியலில் எங்கோ கீழே இருக்கும். ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும் பொருள் என்பதால், அந்தக் கீழ் வரிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

இருட்டில் படம் ஏன் கெடுகிறது?

எந்தக் கேமராவும் மூன்று விஷயங்களை வைத்துத்தான் படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்பது ஷட்டர் வேகம். கிடைத்த சிக்னலை எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்பது ஐஎஸ்ஓ.

ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால், நகரும் ஆள் இழுபட்டுப் போவார். ஐஎஸ்ஓ ஏற ஏற, படத்தில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் கூடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். இரவில் வீட்டுக்குள் சாதாரண விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரை அசைவில்லாமல் பிடிக்க ஷட்டர் சுமார் 1/125 நொடி வேண்டும். லென்ஸ் எஃப்/2 என்றால் ஐஎஸ்ஓ 800 அளவில் படம் கிடைத்துவிடும். அதே இடத்தில் லென்ஸ் எஃப்/5.6 என்றால் ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டும், அதாவது எட்டு மடங்கு. பல சின்ன கேமராக்கள் அங்கே தடுமாறும். ஆட்டோ மோடில் விட்டால், ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்கி ஷட்டரை மெதுவாக்கிவிடும். முகம் இழுபடுவது அப்படித்தான்.

முதல் எண்: சென்சார் எவ்வளவு பெரியது?

மழையில் வைத்த பாத்திரம் போலத்தான் சென்சார். வாய் அகலமாக இருந்தால், அதே நேரத்தில் அதிகத் தண்ணீர் சேரும். காம்பேக்ட் கேமராக்களில் பொதுவாக மூன்று அளவுகளைப் பார்க்கலாம்.

1/2.3 இன்ச்: சுமார் 6.2 × 4.6 மி.மீ. பரப்பு 28 சதுர மி.மீ. அளவுதான். விலை குறைந்த கேமராக்களிலும், 'டிராவல் ஜூம்' என்று விற்கப்படும் நீள ஜூம் கேமராக்களிலும் இருப்பது இது.

1 இன்ச்: 13.2 × 8.8 மி.மீ., 116 சதுர மி.மீ. பெயரில் மட்டும்தான் ஒரு இன்ச். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் காலத்து அளவுமுறை அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. முந்தையதைவிட நான்கு மடங்கு பெரியது.

ஏபிஎஸ்-சி: சுமார் 23.5 × 15.6 மி.மீ., 366 சதுர மி.மீ. பெரிய கேமராக்களில் இருக்கும் அதே சென்சார், சில காம்பேக்ட்களிலும் வருகிறது.

இரண்டாவது எண்: ஜூம் செய்தால் லென்ஸ் என்ன ஆகிறது?

எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கிறது என்று பொருள். லென்ஸைச் சுற்றி 1.8-2.8 அல்லது 3.3-6.9 என்று இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் ஜூம் செய்யாதபோது, இரண்டாவது எண் முழுக்க ஜூம் செய்தபோது. விளம்பரத்தில் முதல் எண்தான் பெரிதாக வரும். நீங்கள் இரண்டாவதையும் பாருங்கள்.

2012-ல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ன் லென்ஸ் எஃப்/1.8-4.9. ஜூமின் கடைசிக்குப் போனால் உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 2014-ல் வந்த மார்க் 3-ல் ஜூமைக் குறைத்து எஃப்/1.8-2.8 ஆக்கினார்கள். 2019-ன் மார்க் 7-ல் ஜூம் 200 மி.மீ. வரை இருக்கிறது, லென்ஸ் எஃப்/2.8-4.5. அதாவது ஜூம் செய்யாத நிலையில், ஐந்து வருடம் பழைய மாடலின் லென்ஸ் புதியதைவிட 2.4 மடங்கு அதிக ஒளியை உள்ளே விடுகிறது. புதுசு என்றால் இருட்டுக்கும் நல்லது என்று அர்த்தமில்லை.

அப்போ மெகாபிக்சல்?

மேலே சொன்ன ஆர்எக்ஸ்100 மார்க் 3-ஐயும், 2018-ல் வந்த கேனான் எஸ்எக்ஸ்740-ஐயும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் 20 மெகாபிக்சல்தான். ஆனால் கேனானில் 1/2.3 இன்ச் சென்சார், 40 மடங்கு ஜூம், எஃப்/3.3-6.9 லென்ஸ். சென்சாரில் நான்கு மடங்கு, லென்ஸில் மூன்று மடங்குக்கு மேல். பெருக்கிப் பார்த்தால், ஜூம் செய்யாத நிலையிலேயே ஒரே ஷட்டர் வேகத்தில் சோனியின் சென்சாரில் சேரும் ஒளி சுமார் 14 மடங்கு. பெட்டியில் அச்சாகும் மெகாபிக்சல் மட்டும் ஒன்றே. கேனான் மோசமான கேமரா என்பதல்ல இதன் பொருள். அது பகலில் தூரத்துப் பறவையைப் பிடிக்கச் செய்தது. ராத்திரி விருந்துக்கு அல்ல.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். 2008-ல் வந்த கேனான் ஜி10-ல் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டின் ஜி11-ல் சென்சார் அளவை மாற்றாமல், மெகாபிக்சலை 10-ஆகக் குறைத்தார்கள்.

ஸ்டெபிலைசேஷன் இருந்தால் போதாதா?

பாதி உண்மை. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். எதிரே இருப்பவரின் அசைவைச் சரிசெய்யாது. இரவு நேரக் கட்டடம், விளக்கு வெளிச்சத்தில் தெரு, ஆற்றங்கரை இவற்றுக்கெல்லாம் அது பெரிய உதவி. வாரணாசியில் கங்கை ஆரத்தி எடுக்கும்போது படித்துறையும் படகுகளும் தெளிவாக வரும். ஆரத்தித் தட்டைச் சுற்றும் கைகளுக்கு வேகமான ஷட்டர்தான் வேண்டும்.

கையில் இருக்கும் போன் போதாதா?

பலருக்குப் போதும். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். கூகுள் பிக்சலில் 2018-ல் 'நைட் சைட்' வந்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 11-ல் நைட் மோட் வந்தது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதுதான் இவற்றின் வேலை. விலை உயர்ந்த சில போன்களின் முதன்மை கேமராவில் இப்போது 1/1.3 இன்ச் சென்சார் இருக்கிறது. 2022 இறுதியில் வந்த ஷாவ்மி 13 புரோவில் 1 இன்ச் சென்சாரே இருக்கிறது. அசையாத காட்சியில் இப்படிப்பட்ட போன் சின்ன சென்சார் காம்பேக்டை எளிதாகத் தாண்டிவிடும்.

போன் தோற்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ஆட்கள் நகரும்போது. பல படங்களைச் சேர்க்கும் வித்தை அங்கே எடுபடாது. இரண்டு, ஜூம் செய்யும்போது. போனின் மற்ற கேமராக்களில் பெரும்பாலும் சின்ன சென்சார்தான். மூன்று, ஃபிளாஷ். போனில் இருப்பது ஒரு சின்ன எல்இடி விளக்கு. கேமராவில் இருக்கும் செனான் ஃபிளாஷ் கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரத்தில் பளிச்சென்று அடித்து, அசைவை அப்படியே உறைய வைக்கும். இந்த மூன்றும் உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், பணம் மிச்சம்.

யாருக்கு எது?

வீட்டு விசேஷம், நண்பர்கள் கூட்டம், அவ்வப்போது ஜூம்: 1 இன்ச் சென்சாரும் எஃப்/1.8-2.8 லென்ஸும் உள்ள கேமரா. ஆர்எக்ஸ்100 வரிசையில் மார்க் 3 முதல் மார்க் 5ஏ வரை, கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2, மார்க் 3 ஆகியவை இந்த வகை. எல்லாவற்றிலும் ஃபிளாஷ் உண்டு.

தெருவும் ஊரும் சுற்றி எடுப்பவர்கள்: ரிக்கோ ஜிஆர் 3. ஏபிஎஸ்-சி சென்சார், ஸ்டெபிலைசேஷன், பேன்ட் பாக்கெட்டில் அடங்கும் உடல். ஆனால் ஜூம் கிடையாது, உள்ளேயே ஃபிளாஷும் கிடையாது. லென்ஸ் எஃப்/2.8 என்பதால், எஃப்/1.8-ல் திறக்கும் 1 இன்ச் கேமராவைவிட இது சேர்க்கும் ஒளி சுமார் 1.3 மடங்குதான் அதிகம். சென்சார் பெரியது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பட்ஜெட் பெரியது, இருட்டில் நகரும் ஆட்கள்தான் முக்கியம்: 2024-ல் வந்த ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100விஐ. ஏபிஎஸ்-சி சென்சார், எஃப்/2 லென்ஸ், ஸ்டெபிலைசேஷன், ஃபிளாஷ். ஜூம் இல்லை. அரை கிலோ எடை, பாக்கெட்டில் அடங்காது. அமெரிக்காவில் அறிமுக விலையே 1,599 டாலர்.

பழைய 'டிஜிகேம்' வாங்கலாமா?

இன்ஸ்டாகிராமில் 2000-களின் சின்ன டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடி மவுசு. அந்தப் படங்களின் அழகு பெரும்பாலும் ஃபிளாஷ் தரும் அழகு. ஃபிளாஷை அணைத்தால் சின்ன சென்சாரும் மங்கலான லென்ஸும்தான் மிச்சம். அந்த 'லுக்' பிடித்திருந்தால் குறைந்த விலைக்கு வாங்குங்கள். இருட்டுக்கு என்று நினைத்து வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் நல்ல வழி, சில வருடம் பழைய 1 இன்ச் கேமரா. வாங்கும்போது நான்கைந்து முறை ஆன்-ஆஃப் செய்து லென்ஸ் சிக்காமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, ஃபிளாஷ் அடிக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். புதிது வாங்கினால் ஜிஎஸ்டி பில்லையும், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடையில் 10 நிமிடச் சோதனை

ஒரு மெமரி கார்டு எடுத்துச் செல்லுங்கள். ஷோரூமின் பளிச் வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் தெரியும். அதனால் கடையிலேயே நிழலான ஒரு மூலையைத் தேடுங்கள். ஷட்டரை 1/125-ல் வைத்து, உடன் வந்தவரைத் தலையை மெல்லத் திருப்பச் சொல்லிப் படம் எடுங்கள். ஜூம் இல்லாமல் ஒன்று, முழு ஜூமில் ஒன்று. பிறகு ஐஎஸ்ஓ 1600-லும் 3200-லும் ஒவ்வொன்று. ஃபோகஸ் முகத்தில் சட்டென்று பிடிக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கேமராவின் சின்னத் திரையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே மூலையில் உங்கள் போனிலும் ஒரு படம் எடுத்திருந்தால், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் வாங்கலாம். தெரியவில்லை என்றால், அந்தப் பணத்துக்கு ஒரு பயணம் போய்வரலாம்.