நிலம் வாங்காத ரயில்

போன எபிசோட்ல மெட்ராஸ் டிராம் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல பாதிப் பேர் கேட்டது டிராம் பத்தியே இல்ல. "அதெல்லாம் சரி ப்ரோ, பறக்கும் ரயில் ஏன் வேளச்சேரியிலேயே நின்னு போச்சு?" இன்னைக்கு அதைப் பார்ப்போம். 2023 தொடக்கத்துல ரெக்கார்ட் பண்றேன், அதை மனசுல வெச்சுக்கோங்க.

எனக்கு இது கொஞ்சம் சொந்தக் கதையும்கூட. 2017-ல தரமணியில முதல் வேலை. வீடு குரோம்பேட்டை. காலையில எலெக்ட்ரிக் ட்ரெயின்ல பரங்கிமலை, அங்கேருந்து ஷேர் ஆட்டோவுல இடிச்சுப் பிடிச்சு வேளச்சேரி, அப்புறம் பறக்கும் ரயில்ல ரெண்டே ஸ்டேஷன். நடுவுல அந்த ஷேர் ஆட்டோ ஓடுற தூரம் சுமார் 5 கிலோமீட்டர். அதை ரயில்லயேதான் போவேன்னு அடம்பிடிச்சா, பரங்கிமலையிலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் வடக்கே போய், அங்கே மாறி, திரும்பவும் தெற்கே வேளச்சேரி வரணும். 35 கிலோமீட்டருக்கு மேல. கிராஃப் தியரி படிச்சவங்களுக்கு இது புரியும். ரெண்டு நோடும் இருக்கு, நடுவுல ஒரு எட்ஜ் மட்டும் காணோம்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். சென்னையோட முதல் மின்சாரப் புறநகர் ரயில் 1931-ல, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல ஓடுச்சு. சவுத் இந்தியன் ரயில்வேயோட மீட்டர் கேஜ் பாதை. தெற்கே போற நீராவி ரயில் பாதை அதுக்கு முன்னாடியே இருந்தது. அதை ஒட்டி புறநகர் வண்டிகளுக்குன்னே தனியா ரெண்டு தண்டவாளம் போட்டாங்க. அன்னைக்கு சைதாப்பேட்டையைத் தாண்டினா பெரும்பாலும் வயலும் ஏரியும்தான். ரயில் முதல்ல போச்சு. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம்னு இன்னைக்கு நாம பார்க்கிற நெரிசல் எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டே வளர்ந்தது.

பறக்கும் ரயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. 1970-களோட தொடக்கத்துல மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி மாதிரி பெருநகரங்களோட போக்குவரத்தைத் திட்டமிட ரயில்வே தனித்தனி அமைப்புகளை உருவாக்கினது. மெட்ராஸ்ல செஞ்ச ஆய்வுகள்லேருந்து வந்ததுதான் நகரத்தைச் சுத்தி வளைச்சு ஒரு ரயில்ங்கிற யோசனை. பீச்ல கிளம்பி, லஸ், வேளச்சேரி, பரங்கிமலை தொட்டு, மேற்கே வட்டமா திரும்பி வர்ற மாதிரி ஒரு பாதை. காகிதத்துல ரொம்ப அழகா இருந்திருக்கும்.

ஆனா 1980-கள்ல கட்டணும்னு முடிவு எடுத்தப்போ ஊர் ஏற்கனவே ரொம்பியிருந்தது. மைலாப்பூர்ல, திருவல்லிக்கேணியில எங்கே கை வெச்சாலும் வீடு, கடை, கோயில். ஜனங்க போய் வர்ற வழி அண்ணா சாலை. அதுல இடம் கிடையாது, காசும் கிடையாது. அரசாங்கத்துக்குச் சொந்தமா, வடக்கு தெற்கா நீளமா, யாரும் வழக்குப் போட வராத மாதிரி ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பக்கிங்காம் கால்வாய்.

அப்படித்தான் தூண்களைத் தண்ணிக்குள்ள இறக்கினாங்க. நிலம் வாங்க வேண்டிய தலைவலி பெரும்பாலும் மிச்சம். என்ஜினியரா யோசிச்சா எனக்கே அது புத்திசாலித்தனமான ஷார்ட்கட் மாதிரித்தான் தெரியுது. கோடு எழுதுறவங்களுக்கு ஷார்ட்கட் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

1995 நவம்பர்ல பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும் வண்டி ஓடுச்சு. 1997-ல திருமயிலை. முதல் கட்டம் அவ்வளவுதான், ஒன்பது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதுலயே ஷார்ட்கட்டோட விலை தெரிய ஆரம்பிச்சுடுச்சு. பாதை ஜனங்க நடமாடுற பக்கமா போகல, கால்வாய் போற பக்கமா போச்சு. பல ஸ்டேஷன்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து தள்ளி, பிரம்மாண்டமா, பாதி காலியா நின்னது. மேல் மாடிகளைக் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம்னு கட்டின கட்டடங்கள். ஸ்டேஷனுக்கே ஆள் வராதப்போ கடைக்கு யார் வருவாங்க? கால்வாயும் தூண்களுக்கு நடுவுல சாக்கடையா சுருங்கிப் போச்சு. அது தனி எபிசோடுக்கான சோகம்.

இரண்டாம் கட்டத்துல செலவுல மூணுல ரெண்டு பங்கு மாநில அரசோடது. 2004 ஜனவரியில திருவான்மியூர், 2007 நவம்பர்ல வேளச்சேரி. இங்கே ஒரு அதிர்ஷ்டம் அடிச்சது. 2000-ல தரமணியில டைடல் பார்க் திறந்தாங்க. அது பின்னாடியே ஓஎம்ஆர் முழுக்க கண்ணாடிக் கட்டடங்கள் முளைச்சது. ரயில்தான் ஐடி கம்பெனிகளைக் கூட்டிட்டு வந்ததுன்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி ஸ்டேஷன்கள்ல காலையில இறங்குற ஐடி கார்டு கூட்டம் திட்டத்துல எழுதியிருந்த கூட்டம் இல்ல. ஊர் தானா அந்தப் பக்கம் நகர்ந்தப்போ ரயில் தற்செயலா அங்கே நின்னுக்கிட்டு இருந்தது.

இப்போ அந்தக் கடைசி 5 கிலோமீட்டர். வேளச்சேரியிலிருந்து உள்வட்டச் சாலை ஓரமா புழுதிவாக்கம், ஆதம்பாக்கம், பரங்கிமலை. 2008 வாக்குல வேலை தொடங்கினாங்க, மதிப்பீடு 495 கோடி சொச்சம். ரோட்டோரம் பெரும்பாலும் அரசு நிலம், அதனால நாலரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தூண்கள் சரசரன்னு எழும்பிச்சு. மிச்சம் சுமார் 500 மீட்டர். ஆதம்பாக்கம் பக்கத்துல, தனியார் மனைகள், ஜனங்க குடியிருக்கிற வீடுகள்.

கால்வாய்ல தப்பிச்ச கேள்வி அங்கே வந்து வழிமறிச்சது. நிலத்துக்கு என்ன விலை? 2007-ல வேளச்சேரிக்கு ரயில் வந்தாச்சு, ஓஎம்ஆர் வந்தாச்சு, ஏர்போர்ட் பக்கம். அந்த வட்டாரத்துல மனை விலை ஏறிக்கிட்டே இருந்தது. நடுவுல 2014-லேருந்து நிலம் எடுப்புக்குப் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. சந்தை விலைக்கு ஈடா கொடுங்கன்னு உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. பத்து வருஷத்துக்கு மேல தூண்கள் அந்தரத்துல நின்னுச்சு.

நான் ஷேர் ஆட்டோவுல தொங்கிக்கிட்டு, "நாலு வீட்டுக்காக ஒரு லட்சம் பேர் கஷ்டப்படணுமா"ன்னு புலம்பின காலம் உண்டு. (ஒரு லட்சம் எல்லாம் கணக்கில்ல, கோபத்துல வர்ற நம்பர்.) ஆதம்பாக்கத்துல இருக்கிற பெரியப்பா வீட்டுலயே ஒரு நாள் அப்படிப் பேசிட்டேன். அவர் வீடு பாதையில இல்ல, ரெண்டு தெரு தள்ளி. பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கேட்டார்: "கைடுலைன் வேல்யூவுக்குக் கேட்டா நீ உன் லேப்டாப்பையாவது குடுப்பியாடா? அந்தக் காசுல அவங்க இதே ஏரியாவுல ஒரு சமையலறை வாங்க முடியுமா?" என்கிட்ட பதில் இல்ல.

அதுக்குள்ள மெட்ரோ முந்திக்கிச்சு. 2009-ல ஒப்புதல், 2015-ல முதல் ஓட்டம், 2016 அக்டோபர்ல பரங்கிமலை. எந்த அண்ணா சாலையில இடமில்லைன்னு பறக்கும் ரயில் கால்வாய்க்குப் போச்சோ, அதே அண்ணா சாலைக்கு அடியில ஜப்பான் கடன் வாங்கிச் சுரங்கம் தோண்டினாங்க. வட்டப் பாதையா யோசிச்ச மேற்குப் பகுதியில, கோயம்பேடு வழியா இன்னைக்கு ஓடுறதும் மெட்ரோதான். பரங்கிமலை மெட்ரோ ஸ்டேஷன்ல பறக்கும் ரயிலுக்கும் இடம் விட்டுத்தான் கட்டியிருக்காங்க. விருந்தாளிக்கு இலை போட்டு வெச்ச மாதிரி அது காத்துக்கிட்டு இருக்கு.

அந்த 500 மீட்டர்ல 2020-க்கு அப்புறம்தான் மறுபடி வேலை சூடு பிடிச்சது. மதிப்பீடு இப்போ 700 கோடியைத் தாண்டிடுச்சு. முடிக்கிற தேதி எத்தனை தடவை மாறிச்சுன்னு எண்ணுறதை நான் விட்டுட்டேன்.

இந்த ஸ்கிரிப்ட்டை ரெக்கார்டிங்குக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். 1992-ல அவருக்கு அந்த மனையை முடிச்சுக் கொடுத்த புரோக்கர், விலை ஜாஸ்தியா இருக்கேன்னு இவர் தயங்கினப்போ சொன்னாராம்: "சார், பக்கத்துலயே பறக்கும் ரயில் வரப் போகுது."