மலப்புறத்துப் பந்தும் கரிசல்காட்டுக் கபடியும்

அச்சங்குளம் என்று வெளியூரில் சொன்னால், பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கு நினைவு வருவது ஒரே ஒரு நாள்தான். 2021 பிப்ரவரி 12. அன்று அங்கிருந்த பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் கல்லூரி மாணவி ஒருவரும் இருந்தார். செய்தித்தாள்கள் இரண்டு மூன்று நாள் எழுதின, பிறகு விட்டுவிட்டன. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றின் நிலை இதுதான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 2021இல் அச்சங்குளம். விபத்து நடந்தால் மட்டும் ஊர்ப் பெயர் அச்சாகிறது.

ஓர் ஊருக்கு வெளியுலகம் வைத்த இப்படிப்பட்ட பெயரை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் மலப்புறம். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தின் பெயர் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது மாப்பிளைக் கிளர்ச்சியால். 1921 நவம்பரில் திரூரிலிருந்து கிளர்ச்சிக் கைதிகளை ரயில் சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். எழுபது உயிர்கள் வரை போயின. அந்தக் கிளர்ச்சியை அடக்க உருவானதுதான் மலபார் சிறப்புக் காவல் படை. அதே படையின் கால்பந்து அணி பிற்காலத்தில் மலபாரின் பெருமைகளில் ஒன்றாயிற்று. வெள்ளைச் சிப்பாய்கள் பாளையத்தில் உதைத்த பந்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊருக்கு ஊர் அணி வைத்திருக்கிறார்கள். இப்போது மலப்புறம் என்றால் எவருக்கும் முதலில் நினைவு வருவது கால்பந்து. 2022 மே மாதம் மஞ்சேரி பையநாட்டில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டியில் கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வென்றபோது அரங்கில் இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஏராளம்.

நம் பக்கத்தில் அந்த இடத்தில் இருக்கக்கூடியது கபடி. பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் 'மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி' என்று சுவரொட்டி ஒட்டாத கிராமம் குறைவு. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம், இரண்டின் உடற்கட்டு ஒன்றாக இருப்பது. மலப்புறத்துக் கிராமங்களில் ஆடுவது பதினொரு பேர் ஆட்டமில்லை, 'செவன்ஸ்'. பக்கத்துக்கு ஏழு பேர். கபடியிலும் களத்தில் ஏழு பேர். அங்கே அறுவடை முடிந்த வயல், இங்கே தண்ணீர் தெளித்து மிதித்துப் பதப்படுத்திய மண்களம். அங்கே மூங்கிலும் பாக்கு மரமும் கட்டிய தற்காலிக கேலரி, இங்கே கயிறு கட்டிய வரம்பும் டிராக்டர் மேல் ஏறி நிற்கும் கூட்டமும். இரண்டுக்கும் ஒலிபெருக்கி உண்டு, விடிய விடிய வர்ணனை உண்டு, சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் உண்டு. இரண்டுமே அரசு தொடங்கி வைத்தவை அல்ல. ஊர் இளைஞர்கள் வசூல் செய்து நடத்துபவை.

அப்படியிருந்தும் ஒன்று அந்த மண்ணின் அடையாளமாயிற்று. மற்றது இன்னும் ஆகவில்லை.

ஓர் ஆட்டத்தை 'இது எங்கள் ஆட்டம்' என்று அறிவிப்பதால் அது அடையாளமாகிவிடாது. வங்கதேசத்தின் தேசிய விளையாட்டு கபடி. ஆனால் உலகக் கோப்பை வந்தால் அந்த நாட்டு மொட்டைமாடிகளில் பறப்பவை அர்ஜென்டினா கொடியும் பிரேசில் கொடியும்தான். 2022 உலகக் கோப்பையில் அந்த மக்கள் காட்டிய அன்பைப் பார்த்து, 1978இல் மூடிய தன் தூதரகத்தை 2023 பிப்ரவரியில் டாக்காவில் அர்ஜென்டினா மறுபடி திறந்தது. ஒரு பந்து இரு நாடுகளுக்கு நடுவே கதவைத் திறந்து வைத்தது. நாமும் கபடியைத் தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு என்கிறோம். சொல்லிக்கொள்வதோடு சரி.

அடையாளம் உருவாவது வேறு விதமாக. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடியவர்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து நிற்கலாம் என்று வங்காளிகள் கண்ணால் பார்த்த நாள் அது. 1950இல் தன் சொந்த மைதானத்தில் உருகுவேயிடம் தோற்ற பிரேசில், அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டையையே பிறகு கைவிட்டது. போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த மஞ்சள் சட்டைதான் இன்று அந்த நாட்டின் முகம். வென்றாலும் தோற்றாலும், ஒரு ஜனம் மொத்தமும் ஒரே சட்டைக்குள் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலப்புறத்தில் அது நடந்திருக்கிறது. நம்மிடம் அந்தச் சட்டை இன்னும் பல துண்டாகக் கிடக்கிறது.

முதலில் எளிதாகச் சொல்லிவிடக் கூடிய காரணத்தைத் தள்ளிவிடுகிறேன். இடமும் செலவும் நமக்குத் தடையே இல்லை. முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10. ஒரு கால்பந்து மைதானத்துக்குள் ஐம்பது கபடிக் களம் போடலாம். பந்து வேண்டாம், பூட்ஸ் வேண்டாம். கரிசல் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை.

நமக்குக் குறைந்தது பொழுதுதான். ஆட்டம் என்பது சின்ன வயதில், சாயங்காலத்தில், வேலை எதுவும் இல்லாத கையோடு தொடங்குவது. மலப்புறத்தில் எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடாப் பணம் வந்தது. வீட்டில் ஒருவர் துபாயிலோ சவூதியிலோ உழைத்தார், ஊரில் இருந்த தம்பிக்குச் சாயங்காலம் கிடைத்தது. சிவகாசி வட்டாரத்தில் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? பிள்ளைகளை விடிவதற்கு முன்பே எழுப்பி ஆலை வண்டியில் ஏற்றினார்கள். தீக்குச்சி அடுக்கினார்கள், திரி சுற்றினார்கள், பெட்டி ஒட்டினார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தக் காலத்தின் சாட்சி. ஒரு தலைமுறையின் சாயங்காலம் தீப்பெட்டிக்குள் போயிற்று. சட்டமும், பள்ளிகளும், மதிய உணவும், போராடியவர்களும் சேர்ந்து இன்று ஆலைகளிலிருந்து பிள்ளைகளைப் பெருமளவு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அது பெரிய காரியம். ஆனால் விளையாடாமல் வளர்ந்த தகப்பனுக்குத் தன் மகனின் விளையாட்டு வீண்வேலையாகத்தான் தெரியும். அவர்மீது குற்றமில்லை. யாரும் அவரை விளையாட விடவில்லை.

மலப்புறத்தில் மூன்று தலைமுறையாகத் தாத்தாவும் பேரனும் ஒரே கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஓர் ஆட்டத்தை மண்ணில் ஊன்றுவது வெற்றி மட்டுமில்லை, இந்தத் தொடர்ச்சியும்தான்.

இரண்டாவது காரணம் கசப்பானது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். செவன்ஸ் அணிகளின் பெயர்களைப் பாருங்கள்: சூப்பர் ஸ்டுடியோ மலப்புறம், அல் மதீனா செர்ப்புளசேரி, ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு. போட்டோ ஸ்டுடியோ, பயண நிறுவனம் என்று கடையின் பெயர் முன்னால், ஊரின் பெயர் பின்னால். சட்டையில் எழுதியிருப்பது வியாபாரம். அந்தச் சட்டையை முஸ்லிமும் போடலாம், இந்துவும் போடலாம், நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்தவரும் போடலாம். 2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படம் அந்த உறவைத்தான் காட்டியது.

நம் தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் கபடி அணி என்பது தெருவின் அணி, தெரு என்பது சாதி. சட்டையின் நிறமே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். முதுகில் தலைவர் படம். இரண்டு தெருவும் ஒரே ஊராகச் சேர்ந்து பக்கத்து ஊரோடு மோதிய கதையைவிட, ஒரே ஊரின் இரண்டு தெருக்கள் கபடியில் தொடங்கிய சண்டையைக் காவல் நிலையத்தில் முடித்த கதைதான் அதிகம் கேட்கிறோம். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025 தீபாவளிக்கு வந்தது. களத்துக்கு வெளியே இருக்கும் எல்லைக்கோடுதான் அதன் நாயகனுக்குத் தாண்டக் கடினமாக இருந்தது என்று அந்தப் படம் சொல்கிறது. நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், பள்ளி மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்றது. கயிற்றைக் கழற்றச் சொன்னோம். சட்டையை ஏன் விட்டுவைத்தோம்?

இதற்காக மலப்புறத்தைச் சொர்க்கமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 2024 மார்ச்சில் அரீக்கோடு பக்கம் ஒரு செவன்ஸ் போட்டியில் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரரைக் கூட்டம் துரத்தி அடித்தது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். விருந்தாளியாக அழைத்தவரை அடித்த அவமானம் அந்த ஆட்டத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே அரீக்கோட்டில் இறுதிப் போட்டிக்கு முன் கொளுத்திய வாணவெடி கேலரிக்குள் பாய்ந்து பலருக்குக் காயம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அச்சங்குளம்தான் நினைவு வந்தது. யாரோ ஒருவரின் கொண்டாட்டத்துக்காக நம் ஊர்ப் பெண்கள் உயிரைப் பணயம் வைத்து மருந்து செலுத்துகிறார்கள். அவர்கள் கொண்டாட ஓர் ஆட்டம் நம் ஊரில் வேண்டாமா?

பெண்கள் விஷயத்தில் கபடி ஒரு படி மேலேயே நிற்கிறது. செவன்ஸ் இன்றும் பெரும்பாலும் ஆண்களின் உலகம். கபடியில் தமிழ்நாட்டுப் பெண்பிள்ளைகள் அரசுப் பள்ளி மைதானங்களிலிருந்து எழுந்து வருகிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். கண்ணகி நகரும் பல காலம் கெட்ட செய்தியால் மட்டுமே அறியப்பட்ட இடம்தான். அங்கே குடியிருப்பதாகச் சொல்லவே தயங்கியவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் ஆடி வென்ற பிறகு அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பட்டாசு ஆலை வேலையாட்களில் பெண்கள் கணிசம். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளிடமிருந்து தொடங்கினால், ஆண்கள் பல ஆண்டாகப் போட்டு வைத்திருக்கும் தெருக் கணக்கு இல்லாமல் ஓர் ஊர் அணி பிறக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணம் போகும் வழியிலும் ஒரு வேறுபாடு உண்டு. செவன்ஸ் போட்டிகளில் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள், மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு ஊரின் வலிநிவாரணச் சிகிச்சை மையத்துக்கும் ஏழை நோயாளிகளுக்கும் போவது பல இடங்களில் வழக்கம். அதனால் பந்தைத் தொடாத பாட்டிக்கும் அந்தப் போட்டி தன்னுடையது. நம் பக்கத்தில் நன்கொடையாளர் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு, விடிந்ததும் பந்தல் பிரித்துக் கணக்கை முடித்துவிடுகிறோம். விபத்தில் தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளைகள் இருக்கும் வட்டாரம் இது. ஒரு மின்னொளிப் போட்டியின் மிச்சப் பணம் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனால், அந்தக் கபடியை ஊரே சுமக்கும்.

அச்சங்குளத்துக்கு அருகில், வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு செய்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகளோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் பொழுது ஒதுக்கி விளையாடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் நாம்தான் அந்தப் பொழுதைப் பறிகொடுத்தோம்.

2024இல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுக் கருவித் தொகுப்புகள் கொடுக்கத் தொடங்கியது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆலை முதலாளிகள் சங்கங்களுக்குப் பணமும் இருக்கிறது, ஊர்களுக்குப் பட்ட கடனும் இருக்கிறது. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஒவ்வோர் ஊராட்சியிலும் விளக்குப் போட்ட ஒரு கபடிக் களம் அமையுங்கள். எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், பள்ளிக்கூடத்தை ஒட்டி அமையுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். விழாக் கமிட்டியில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பொங்கலுக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது தலைவர் படத்தை விட்டுவிடுங்கள். முதுகில் அச்சங்குளம் என்று மட்டும் எழுதுங்கள்.